தண்ணீர் நடுவே தாகம்

பள்ளியில் ஒளிச்சேர்க்கைச் சோதனை செய்தவர்களுக்கு ஹைட்ரில்லாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பீக்கர் நிறையத் தண்ணீர், அதற்குள் கவிழ்த்து வைத்த கண்ணாடிப் புனல், புனலுக்குள் நாலைந்து பச்சைத் தண்டு, புனலின் காம்பின்மேல் தலைகீழாக ஒரு சோதனைக் குழாய். வெயிலில் கொண்டுபோய் வைத்தால் குமிழி குமிழியாக ஆக்சிஜன் ஏறும். ஆய்வக உதவியாளர் காலையில் பக்கத்துக் குளத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி வந்திருப்பார். நம் ஊர் நீர்நிலைகளில் அவ்வளவு மலிவான செடி அது.

இந்தச் செடிதான் அமெரிக்காவின் ப்ளோரிடா மாநிலத்தில் படகோட்டிகளின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம். 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி அலங்காரத்துக்காக அன்றைய சிலோனிலிருந்து டாம்பா நகரத்து வணிகர் ஒருவருக்கு ஹைட்ரில்லா போய்ச் சேர்ந்தது. தொட்டியில் இருந்தது வாய்க்காலுக்கு வந்தது. 1960இல் கிறிஸ்டல் ரிவர் பகுதியிலும் மயாமி வாய்க்கால்களிலும் அதைக் கண்டார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 1,40,000 ஏக்கர் நீர்ப்பரப்பை அது பிடித்திருந்தது. அங்கே பரவியது பெண்செடி மட்டுமே உள்ள வகை. அதன் மரபணுவைப் பின்னாளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெங்களூரில் எடுத்த மாதிரியோடுதான் மிக நெருக்கமாகப் பொருந்தியது. ஆக, ப்ளோரிடாக்காரர்கள் திட்டும்போது அதில் கொஞ்சம் நமக்கும் சேரும்.

ஏரியில் இந்தப் பாசி பெருகினால் மீனுக்குக் கெடுதல், குளிப்பவர்களுக்குத் தொல்லை என்பது புரிகிறது. ஆனால் படகின் பின்பலகையில் மாட்டும், இரும்பும் அலுமினியமுமாகச் செய்த 40 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டாரை, கிள்ளினால் ஒடியும் ஒரு நீர்ச்செடி எப்படிச் சாகடிக்கிறது? அதுவும் சூடேற்றி, சுற்றிலும் ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும்போது?

மோட்டாரின் அமைப்பில்தான் விடை இருக்கிறது. கார் எஞ்சின் தன் குளிர்நீரைக் கூடவே சுமக்கிறது. ரேடியேட்டரில் இருக்கும் சில லிட்டர் நீர் எஞ்சினுக்குள் ஓடிச் சூட்டை வாங்கி, காற்றில் ஆறி, மறுபடி எஞ்சினுக்குள் போகிறது. அவுட்போர்டு மோட்டாரில் அப்படிச் சேமிப்பு எதுவும் கிடையாது. படகு மிதக்கும் நீரையே உறிஞ்சி, ஒரு சுற்று ஓடவிட்டு, வெளியே கொட்டிவிடும். ரேடியேட்டரும் விசிறியும் இல்லாததால் எடை குறைவு, விலை குறைவு. மில்வாக்கி நகரத்தில் ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. எடை 28 கிலோ. ஓர் ஆள் தோளில் தூக்கிப் போகலாம். தூக்கிப் போக முடிந்ததுதான் அவுட்போர்டு உலகமெங்கும் பரவியதற்குக் காரணம். அதற்குக் கொடுத்த விலை, ஏரியின் நீரும் அதில் உள்ள அழுக்கும் பாசியும் மண்ணும் எஞ்சினின் ஒரு பாகமாகவே ஆகிவிட்டதுதான்.

நீர் உள்ளே போகும் வழி, மோட்டாரின் கால் பகுதியில், ப்ரொப்பெல்லருக்குச் சற்று மேலே இரு பக்கமும் இருக்கிற சின்னச் சல்லடைகள். உள்ளங்கையால் மூடிவிடலாம், அவ்வளவுதான். சில அதிவேகப் படகுகளின் மோட்டாரில் இந்தத் துளைகளைக் காலின் கூர்மூக்கில் வைத்திருப்பார்கள். எங்கே இருந்தாலும் படகின் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, அதாவது நீர்ப்பரப்பிலிருந்து ஒரு முழத்துக்குள்தான் அவை நிற்கும். ஹைட்ரில்லா வளர்கிற விதத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஏரியின் அடியில் வேரூன்றி நாளுக்கு ஓர் அங்குலம் வரைகூட நீண்டு மேலே வருகிறது. பரப்பைத் தொட்டதும் கிளை கிளையாகப் பிரிந்து பாய்போல விரிகிறது. செடியின் மொத்த எடையில் பாதி, மேலே உள்ள அரை மீட்டர் நீரிலேயே குவிந்துவிடுகிறது. சல்லடை தண்ணீர் தேடும் அடுக்கும் செடி வெளிச்சம் தேடும் அடுக்கும் ஒன்றுதான்.

ஒரு தண்டைக் கையில் எடுத்து விரலால் உருவினால் இன்னொன்றும் தெரியும். கணுவுக்குக் கணு நாலு முதல் எட்டு வரை சிற்றிலைகள் வட்டமாக நிற்கின்றன. இலை ஓரத்தில் ரம்பம்போல் பற்கள். அதனால்தான் விரலுக்குச் சொரசொரப்பாக இருக்கிறது. சல்லடையில் முதல் தண்டு மாட்டியதும் அதன் பற்களில் அடுத்தது கோத்துக்கொள்ளும், அதில் இன்னொன்று. நம் பாக் நீரிணையிலும் யாழ்ப்பாணக் கடல்நீரேரியிலும் நடப்பது வேறு மாதிரி. அங்கே இருப்பது கடற்புல். நாடாபோல நீண்ட இலைகள் வாடைக்காற்றுக் காலத்தில் அறுந்து மிதக்கும். சல்லடையின்மேல் பட்டையாகக் குறுக்கே படுத்துக்கொள்ளும். எஞ்சினுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். 40 குதிரைத்திறன் என்றால் சுமார் 30 கிலோவாட். பெட்ரோல் எரிவதில் வரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ப்ரொப்பெல்லரைச் சுழற்றுகிறது, ஒரு பங்கு புகையோடு போகிறது, மிச்ச ஒரு பங்கைக் குளிர்நீர் சுமக்க வேண்டும். அப்படியானால் முழு வேகத்தில் நீர் வாங்க வேண்டிய வெப்பமும் 30 கிலோவாட்தான். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். ஏரி நீர் 28 டிகிரியில் உள்ளே போய் 60 டிகிரியில் வெளியே வருவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 13 லிட்டர் ஓடியாக வேண்டும்.

சல்லடை பாதி அடைபட்டு ஆறரை லிட்டர்தான் வருகிறது என்றால், அந்த நீர் 92 டிகிரிக்குப் போகும். மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது என்றால் கணக்கில் 124 டிகிரி. அதாவது வழியிலேயே கொதித்து நீராவியாகிவிடும். ஆவியான பிறகு ஆபத்து பல மடங்காகிறது. நீரோடு ஒப்பிட்டால் நீராவி வெப்பத்தைக் கடத்துவது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சின் தலைக்குள் ஒரு மூலையில் ஆவி தங்கினால், அந்த இடத்தில் குளிர்ச்சியே இல்லை என்று அர்த்தம். பாதி அடைப்பு வரை ஒன்றும் தெரியாது, முக்கால் அடைப்பில் எஞ்சின் போய்விடும். இந்த வழுக்கலான சரிவுதான் பலரை ஏமாற்றுகிறது. போன மாதம் இதே பாசியில் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். போன மாதம் பாதிதான் அடைந்திருக்கும்.

வெளியேறும் நீருக்கு 60 டிகிரி என்று வைத்ததற்குக் காரணம், குளிர்நீரின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட். கார் எஞ்சினில் அது 80, 90 டிகிரியில் திறக்கும். அவுட்போர்டில் 50, 60 டிகிரியிலேயே திறக்கும்படி வைத்திருக்கிறார்கள். கடல்நீரை அதற்கு மேல் சூடாக்கினால் அதில் கரைந்துள்ள சுண்ணாம்பு உப்புகள் குழாய்ச் சுவரில் படியத் தொடங்கும் என்பது காரணம். கடலில் ஓடும் மோட்டாரை வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்வதும் உள்ளே உப்பு தங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

இனி பம்ப். மோட்டாரின் கால் பகுதிக்குள், எஞ்சினிலிருந்து கீழிறங்கும் தண்டிலேயே மாட்டியிருக்கும் ரப்பர் இம்பெல்லர் அது. ஐந்தாறு ரப்பர் இதழ்கள்; அது சுழலும் கிண்ணத்தின் மையமும் தண்டின் மையமும் ஒன்றல்ல. ஒரு பக்கம் இதழ்கள் நன்றாக மடங்கும், மறுபக்கம் நிமிரும். நிமிரும்போது நீரை உறிஞ்சி, மடங்கும்போது தள்ளும். வேகம் கூடினால் நீரின் அழுத்தத்தில் இதழ்களின் நுனி சுவரைவிட்டு விலகிவிடும். அப்போது வெறும் சுழற்சியின் வீச்சிலேயே தண்ணீர் மேலே ஏறுகிறது. எளிய ஏற்பாடு, கெட்டிக்காரத்தனமானதும்கூட. ஆனால் அந்த ரப்பருக்கு எண்ணெய் எதுவும் கிடையாது. அது இறைக்கும் தண்ணீரேதான் அதற்கு மசகு. சல்லடை முழுக்க அடைத்து உலர்ந்து சுழன்றால், உரசும் சூட்டில் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இதழ்கள் கருகிக் கிழியும். பிறகு பாசியை எடுத்துவிட்டாலும் தண்ணீர் முன்போல் வராது. கிழிந்த துணுக்குகள் மேலே போய்த் தெர்மோஸ்டாட்டில் சிக்கிக்கொள்ளும். பாசியால் ஒருமுறை சூடேறிய மோட்டார், அடுத்த வாரம் தெளிந்த நீரிலும் சூடேறுகிறது என்று மெக்கானிக்கிடம் வருபவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

எஞ்சின் சீஸ் ஆவது (இறுகிப்போவது) என்று மெக்கானிக்குகள் சொல்வதையும் எண்ணில் பார்த்துவிடலாம். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டன், வார்ப்பிரும்பு உறைக்குள் ஏறி இறங்குகிறது. இரண்டும் வழக்கத்தைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடாகின்றன. பிஸ்டன் சுமார் 0.14 மில்லிமீட்டர் பருக்கும். இரும்பு உறை 0.08 அளவுக்குத்தான் விரியும். வித்தியாசம் 0.06 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன். பிஸ்டனுக்கும் உறைக்கும் நடுவே விட்டுவைத்த இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த இடைவெளியில் இருந்த எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேற, உலோகம் உலோகத்தைப் பிறாண்டும். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் தொண்டை அடைத்தாற்போல் நின்றுவிடும். ஏரி நடுவில் துடுப்பு இல்லாதவருக்கு அப்போதுதான் துடுப்பின் அருமை தெரியும்.

இதைத் தடுக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பின்னால் திரும்பிப் பார்க்கும் கழுத்து போதும். எஞ்சின் மூடிக்குக் கீழே ஓரமாகப் பென்சில் பருமனில் ஒரு நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டிருக்கும். குளிர்நீரில் ஒரு கிளையைத் திருப்பி வெளியே காட்டும் ஏற்பாடு அது. தாரை அறுபடாமல் விழுகிறதா, வழக்கமான தூரம் போகிறதா, கையை நீட்டினால் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விட்டு விட்டுத் துப்பினாலோ, ஆவி பறந்தாலோ, கை வைக்க முடியாத சூடு என்றாலோ உடனே வேகத்தைக் குறையுங்கள். ஓர் எச்சரிக்கை: தாரை வருகிறது என்றால் பம்ப் வேலை செய்கிறது என்றுதான் பொருள், தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது என்பதற்கு அது உத்தரவாதமல்ல. தாரை வராததும் எப்போதும் ஆபத்தல்ல. கரையில் கிடந்த நாளில் குளவி அந்தத் துளைக்குள் மண்கூடு கட்டியிருக்கலாம். தடிமனான தூண்டில் நரம்பை உள்ளே விட்டுக் குத்தினால் சரியாகிவிடும். பெரிய மோட்டார்களில் சூடேறினால் அலறும் ஒலிப்பானும், தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அமைப்பும் உண்டு. அலறல் கேட்கும்போது உலோகம் ஏற்கெனவே சூடாகிவிட்டது. தாரை அதற்கு முன்பே சொல்லிவிடும். என்னைக் கேட்டால் தாரையைத்தான் நம்புவேன்.

வேகத்தைக் குறைக்கச் சொன்னேன் அல்லவா, அதற்குப் பின்னால் அழகான ஒரு கணக்கு இருக்கிறது. ப்ரொப்பெல்லரைச் சுழற்றத் தேவையான திறன், சுழற்சி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. சுழற்சியைப் பாதியாக்கினால் திறன் எட்டில் ஒரு பங்கு. எஞ்சினில் பிறக்கும் சூடும் ஏறக்குறைய அதே அளவில் இறங்கும். பம்ப் இறைப்பதோ சுழற்சிக்கு நேர்விகிதம். அது பாதிதான் குறையும். நம் எடுத்துக்காட்டில் தேவை 13 லிட்டரிலிருந்து சுமார் 1.6 லிட்டருக்கு வந்துவிடுகிறது, பம்பின் கையில் ஆறரை லிட்டர் இருக்கிறது. சல்லடை முக்கால்வாசி அடைபட்டாலும் தாக்குப்பிடிக்கும். பாசியை வேகமாகக் கிழித்துக்கொண்டு போய்விட்டால் சிக்காது என்பவர்கள் எந்த ஏரியிலும் இருக்கிறார்கள். மெல்லிய திட்டு என்றால் தப்பிக்கலாம். அகலமான பாயில் அது சூதாட்டம்.

பாசி சல்லடையில் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இரண்டு விசைகள் காரணம்: பம்பின் உறிஞ்சல் ஒன்று, படகு முன்னே போவதால் எதிர்ப்படும் நீரின் தள்ளல் மற்றொன்று. எனவே சிகிச்சையும் எளிது. நியூட்ரலுக்கு வந்து படகை நிற்கவிட்டால் தள்ளல் போய்விடும். பிறகு சில நொடி ரிவர்ஸ் கொடுத்தால் ப்ரொப்பெல்லர் நீரை முன்பக்கமாக, அந்தச் சல்லடைகளின் மேலேயே வீசும். ஒட்டியிருந்தது உரிந்து போகும். மெதுவாகச் செய்ய வேண்டும், பின்பலகை தாழ்ந்த படகில் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். அதற்கும் தாரை திரும்பாவிட்டால் எஞ்சினை அணையுங்கள். உறிஞ்சலும் நின்றுவிடும். மோட்டாரைத் தூக்கிக் கையால் பாசியை எடுங்கள். அதற்கு முன் சாவியையும் பாதுகாப்புக் கயிற்றையும் கழற்றி வைப்பது கட்டாயம். ப்ளோரிடாவில் என்றால் கையை நீட்டுமுன் முதலை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வார்கள். சூடேறிய எஞ்சின்மேல் வாளித் தண்ணீரை ஊற்றும் ஆசை வரும், வேண்டாம். ஒரு பக்கம் சட்டெனக் குளிர்ந்து சுருங்க, மறுபக்கம் சூடாகவே இருக்க, வார்ப்பு வெடிக்கும் அல்லது வளையும். நிழலில் தானாக ஆறட்டும்.

மோட்டாரின் காலைச் சற்றே பின்னோக்கிச் சாய்த்து ஓட்டினால் தண்டுகள் சல்லடையில் தங்காமல் வழுக்கிக் கீழே போகும். அளவோடு செய்ய வேண்டும். அதிகம் தூக்கிவிட்டால் சல்லடை நீருக்கு வெளியே வந்து பம்ப் காற்றைக் குடிக்கும், அது பாசியைவிடக் கேடு. ப்ரொப்பெல்லரிலும் இதழ்களின் முன்விளிம்பைப் பின்னோக்கி வளைத்துச் செய்த பாசி உதறும் வகை கிடைக்கிறது. அடிக்கடி இத்தகைய நீரில் போகிறவர்களுக்கு அது நல்ல செலவு. மாறாக, சல்லடையின்மேல் கொசுவலை போன்ற கம்பிவலை கட்டும் யோசனை அடிக்கடி கிளம்பும். கட்டாதீர்கள். துளை சிறுத்தால் அடைப்பு சீக்கிரம் வரும். முன்பு உள்ளே போய் வெளியேறிய துணுக்குகூட இப்போது வலையில் தங்கும். இம்பெல்லரை ஓராண்டு, அதிகம் போனால் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது பயனுள்ள வேலை. பார்க்க நன்றாக இருந்தாலும் ஒரே இடத்தில் மடங்கிக் கிடந்த ரப்பர் அப்படியே விறைத்துப்போயிருக்கும்.

நீரைக் குடிக்காத மோட்டாரே செய்தால் என்ன என்றும் மனிதர்கள் யோசித்திருக்கிறார்கள். ஹோண்டாவின் 2.3 குதிரைத்திறன் குட்டி மோட்டார் காற்றால் குளிர்வது. தாய்லாந்தின் நீள்வால் படகுகளில் எஞ்சின் நீருக்கு மேலேயே இருக்கும், நீண்ட தண்டின் நுனியில் ப்ரொப்பெல்லர் மட்டும் நீரைத் தொடும்; தமிழகக் கடற்கரையிலும் இந்த நீள்வால் டீசல் எஞ்சின்களைப் பார்க்கலாம். அமெரிக்க மாநிலமான லூசியானாவின் சதுப்புநிலக்காரர்கள் 1977 முதல் இதே தத்துவத்தில், காற்றால் குளிரும் சேற்று மோட்டார்களை விற்கிறார்கள். ப்ளோரிடாவின் எவர்க்ளேட்ஸ் சதுப்புநிலத்தில் ஓடும் காற்றுப் படகுகளோ ப்ரொப்பெல்லரையே ஆகாயத்துக்குத் தூக்கிவிட்டன. அதே லூசியானாவில் ஆகாயத்தாமரை ஆறுகளை அடைத்தபோது, அதைத் தின்ன ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானைகளைக் கொண்டுவரலாம் என்று 1910இல் ராபர்ட் புரூசார்ட் என்ற உறுப்பினர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதாவே கொண்டுவந்தார். இறைச்சித் தட்டுப்பாடும் தீரும் என்பது அவர் வாதம். மசோதா நிறைவேறவில்லை. நீர்யானை எதிரே வரும் ஆற்றில் மோட்டார் சூடேறுவது சின்னக் கவலையாகத்தான் இருந்திருக்கும்.

கடைசியாக, மோட்டாரின் பங்கையும் சொல்ல வேண்டும். ஹைட்ரில்லா பரவ விதை வேண்டியதில்லை. ஒரே ஒரு கணு உள்ள துண்டு போதும், அதிலிருந்து புதுச் செடி முளைக்கும். ப்ரொப்பெல்லர் பாசியை வெட்டும் ஒவ்வொரு சுற்றிலும் நாற்று தயாராகிறது. சல்லடையிலும் படகு ஏற்றும் வண்டியின் அச்சிலும் ஒட்டிய துண்டு அடுத்த ஏரிக்குப் பயணம் போகிறது. அமெரிக்காவில் ஏரி ஏரியாக இது பரவியதில் படகுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே சல்லடையிலிருந்து எடுத்த பாசியைத் திரும்பத் தண்ணீரில் வீசாதீர்கள். படகுக்குள் ஒரு பையில் போட்டுவையுங்கள். கரைக்கு வந்ததும் மோட்டாரை நிமிர்த்தி உள்ளிருக்கும் நீரை வடியவிட்டு, வண்டியையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, எடுத்ததையெல்லாம் நீருக்கு எட்டாத இடத்தில் வெயிலில் காயப் போடுங்கள்.